பதினேழாம் பை

முதலாளியின் வலது செருப்பில் ரத்தம் ஊறியிருந்தது. அது அவருடைய சொந்த ரத்தம்தான். அடுத்தவன் ரத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரமிருந்தது.

காலையில் கிளம்பும்போது வீட்டு வாசல்படியில் இடித்துக்கொண்டது. வழவழவென்றிருந்த கருங்கல் படியில் ஒரு மூலையை எவனோ பெயர்த்துக்கொண்டு போய் இரண்டு மாதமாகிறது. பக்கத்து வீட்டுக்காரன்தான் என்று முடிவுகட்டி, பதிலுக்கு அவன் முன்பல் இரண்டைப் பெயர்த்தாகிவிட்டது. ஆனாலும் படி பல்லைக் காட்டிக்கொண்டுதான் கிடந்தது.

நொண்டிக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தவர் கதவைத் தாழிட்டார். மலையைத் துளைபோட்டு உருவிய உருளைக்கற்கள் சுவரோரம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. நடுவே, லேப் ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அவருடைய தங்கை புருஷன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன்தான் இந்த மலைக்கு ஜியாலஜிஸ்ட்.

"மாப்ளே, பத்து மணிக்கு வாங்குற பார்ட்டி வருது. கையெழுத்தைப் போடு."

"முடியாது மச்சான். இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனி இதே மலையில ஆறு துளை போட்டுச்சு. கெடச்சது கொஞ்சம் செம்பு, நாக்குல தடவுற அளவு வெள்ளி. மூட்டையைக் கட்டிட்டுப் போயிட்டான். நாம போட்ட ஏழாவது துளையில மட்டும் நாப்பது பையிலயும் தங்கம் எப்படி வரும்?"

"எல்லாம் உன் கைராசி."

கைராசி அவனுடையதல்ல. எடுத்த கல்லை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மறுபாதியைப் பையில் கட்டி லேபுக்கு அனுப்புவது அந்தத் தொழிலின் முறை. போகிற வழியில் நாற்பது பைகளும் ஒரு நாள் முதலாளியின் குடோனில் இளைப்பாறின. அன்றைக்கு அவர் மனைவியின் வளையல் ஒன்று அரத்தில் பொடியாகி, பந்தி வஞ்சனை இல்லாமல் எல்லாப் பைக்கும் பரிமாறப்பட்டது.

"இந்த மலைக்காக ரெண்டு லாரியை வித்தேன், கடையை வித்தேன். இன்னைக்கு இது விலை போகலேன்னா நான் கல்லைத்தான் திங்கணும். போடுறியா, இல்லையா?"

"மாட்டேன் மச்சான்."

மேசைமேல் மாப்பிள்ளையின் கல் உடைக்கும் சுத்தியல் கிடந்தது. முதலாளி அதை எடுத்தார். அவன் இடது கையை மேசையோடு அழுத்திப் பிடித்து, சுண்டுவிரலில் ஒரே போடு.

அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது.

"தங்கச்சி முகத்துக்காக மெதுவாத்தான் போட்டேன். வலது கையைத் தொடமாட்டேன், பயப்படாதே. கையெழுத்துக்கு வேணும்."

"ஐயோ மச்சான்... இது ஜெயில் சமாச்சாரம்..."

அடுத்தது மோதிரவிரல். சுள்ளி ஒடிந்ததுபோல் எலும்பு சத்தம் கொடுத்தது. ரத்தம் மேசை விளிம்பில் வழிந்து முதலாளியின் இடது செருப்பில் சொட்டியது. இப்போது செருப்பு ஜோடி சேர்ந்துவிட்டது.

"போடுறேன்! போடுறேன்! ஆனா அந்தப் பதினேழாம் பையை மட்டும் எடுத்துடலாம் மச்சான். அது வந்து..."

பளாரென்று ஓர் அறை. உதடு கிழிந்தது.

"ரிப்போர்ட்டைப் பாத்தியா? நாப்பதுலயும் உசத்தி அந்தப் பதினேழுதான். பந்தயக் குதிரையை லாயத்துல கட்டிட்டுக் கழுதையை ஓட்டச் சொல்றியா?"

"சொல்றதைக் கேளுங்க, பதினேழு..."

சுத்தியல் நடுவிரலுக்கு மேலே வந்து நின்றது.

"பதினேழுன்னு இன்னொரு தடவை வாயைத் திறந்தே, இதுவும் போச்சு."

அவன் வாயை மூடிக்கொண்டான். நாற்பது வரிக்கும் நாற்பது கையெழுத்து விழுந்தது.

பத்து மணிக்கு வந்த பார்ட்டி ஓர் அம்மாள். பின்னால் மலைபோல் இரண்டு ஆட்கள். நாலு சுரங்கம் வாங்கி விற்றவள் என்பது அவள் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது. மாப்பிள்ளையின் கையில் சுற்றியிருந்த சிவந்த கைக்குட்டையில் அந்தப் பார்வை ஒரு நிமிஷம் நின்றது.

"கையில என்ன?"

"பெட்டி விழுந்துடுச்சும்மா. அவசரக்காரன்," என்றார் முதலாளி.

அம்மாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகத் திறந்து, கல்லோடு நம்பரை ஒத்துப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"லேபுக்குப் போன கல்லோட மறுபாதி இங்க இருக்கணும். முப்பத்தொன்பது இருக்கு. இருக்கறதுலயே தங்கம் அதிகமா வந்த பதினேழை மட்டும் காணோமே?"

"சொல்லேன் மாப்ளே! வாயில பூட்டா போட்டிருக்கு?" என்று அதட்டினார் முதலாளி.

மாப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தான். "பதினேழுன்னு வாயைத் திறக்கலாமா மச்சான்?"

"தாராளமா!"

அவன் அம்மாள் பக்கம் திரும்பினான். "லேப் ஒழுங்காப் பாக்குதான்னு சோதிக்க, ஒண்ணுமே இல்லாத வெறுங்கல்லு ஒண்ணை நடுவுல சேத்து அனுப்புறது எங்க வழக்கம்மா. பதினேழு அந்தக் கல்லு. மறுபாதி மச்சான் வீட்டு வாசப்படியில இருக்கு."

முதலாளியின் கால் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது.

அம்மாள் ரிப்போர்ட்டை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மலை வேண்டாங்க. வீடு என்ன விலை?"