பாலத்தில் மூடிய மூக்குகள்

பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் தூங்குகிறவனுக்குக்கூடக் கை தானாக மூக்குக்குப் போய்விடும். அன்றைக்கு அமலோற்பவத்துக்குக் கை ஒழியவில்லை. ஒரு கையில் பாலும் பலகாரமும், மறுகையில் மேல்கம்பி. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை வந்தவர்கள் ஆற்று நாற்றம் தாங்காமல் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் மூச்சை இழுத்தாள். நாற்றம் இல்லை. இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் சேறு, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். “ஏங்க, ஆறு நாறவே இல்லைங்க!” என்று கத்தியேவிட்டாள். பக்கத்தில் நின்ற பயணி ஒருவர் மூக்கைப் பிடித்தபடியே, “உனக்குச் சளி பிடிச்சிருக்கும்மா” என்றார். “முகத்துவாரத்துல மணலைத் தோண்டி விட்டாங்கல்ல, கடல் தண்ணி உள்ள வந்து கழுவிட்டுப் போவுது” என்றார் கண்டக்டர், அவரும் மூக்கை மூடிக்கொண்டுதான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ஆற்றுப் பக்கத்து ஜன்னலில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துக் கதவைத் திறந்தாள். “அவங்க வர்ற நேரத்துல உனக்கென்ன பைத்தியமாம்மா?” என்று மகள் அலறினாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்தியபடியே வந்து உட்கார்ந்தாள். நீட்டிய தட்டிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டாள். குடிப்பதென்றால் தலைப்பை இறக்கியாக வேண்டும். ஜன்னல் வழியே ஆற்றுக்காற்று உள்ளே வந்தது. தலைப்பு மெல்ல இறங்கத் தொடங்கியது. இப்போது அமலோற்பவம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.