கிழவர் மூக்கு

இன்றைக்கும் ஜெகதீசன் மாஸ்டர் நேராக இந்துமதியிடம்தான் போய் நின்றார். கொர்னேலியஸுக்கு வயிறு எரிந்தது.

குன்னூர் ஓவிய வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம். பழைய டச்சு ஓவியர் ஒருவர் தீட்டிய கிழவர் முகத்தை ஆயில் பெயின்ட்டில் அப்படியே பார்த்து வரைய வேண்டும். இந்துமதியின் பிரஷை வாங்கி மாஸ்டர் தாமே தீட்டிக் கொடுப்பார். கொர்னேலியஸின் படத்துக்கோ ஒரு பார்வை, ஒரு "உம்". அவ்வளவுதான்.

அதிலும் இப்போது சர்ச் நூற்றாண்டு விழா வேறு. முதல் பாதிரியாரின் படத்தை வரைய மாஸ்டர்தான் ஆள் சொல்லப்போகிறார். கொர்னேலியஸ் ஞானஸ்நானம் வாங்கிய சர்ச் அது. அங்கே இந்துமதியின் படம் தொங்குவதா?

'என்னையும் திரும்பிப் பார்க்க வைக்கிறேன்!'

மாஸ்டர் டீ குடிக்கப் போனார். குன்னூர் மூடுபனியில் பெயின்ட் லேசில் காயாது. கொர்னேலியஸ் கட்டை விரலால் தன் படத்துக் கிழவரின் மூக்கை ஒரு இழு இழுத்துவிட்டான்.

பலித்தது! திரும்பி வந்த மாஸ்டர் அவனருகே நின்றார். பிரஷை வாங்கினார். மூக்கைத் தாமே சரிசெய்தார். கொர்னேலியஸ் இந்துமதியைப் பெருமையோடு பார்த்தான்.

"அய்யோ, உங்களுதும் கெட்டுப்போச்சுங்களா?" என்றாள் அவள், பாவமாக.

மாஸ்டர் போனை எடுத்தார்.

"பாஸ்டருங்களா? காலைல கொர்னேலியஸ்னு ஒரு பேர் சொன்னேனில்லீங்க, அவரு வேண்டாங்க. என் வகுப்புல நான் கை வைக்கத் தேவையில்லாத படம் அவருது ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன். இன்னைக்கு அதுலயும் கை வைக்க வேண்டியதாப் போச்சுங்க."