பதினொரு படலைகள்

மயிலிட்டியிலிருந்து கீரிமலைக் கோயிலுக்கு நடந்து போகக் கேதீஸ்வரிக்கு நேர்த்திக்கடன் இருந்தது. ஆனால் குடலில் குரோன்ஸ் நோய் வந்த நாள்முதல் அவள் வீட்டைவிட்டுத் தூரம் போவதில்லை. வயிறு முறுக்கினால் அடுத்த நிமிடமே கழிப்பறை வேண்டும். சில நாட்களில் இரத்தமும் போகும். மருந்தில் நோய் அடங்கியிருந்தும் பயம் அடங்கவில்லை.

“நடப்பம். நான் பக்கத்திலை வாறன்” என்றான் கணவன் பிரகலாதன். ஒரு வாரமாகப் பின்னேரங்களில் அவன் எங்கேயோ போய்வந்தான். கேட்டால் சிரித்தான்.

பாதி வழியில் அவளுக்கு வயிறு முறுக்கியது.

“இஞ்சேருங்கோ, இனி ஏலாது!”

பிரகலாதன் ஒரு வீட்டு வேலிக்கதவைக் காட்டினான்.

“உந்தப் படலைக்குள்ளை போம். வழி நெடுகப் பதினொரு வீட்டிலை சொல்லி வைச்சிருக்கிறன்.”

அவளுக்கு முகம் எரிந்தது. தன் குடல் வருத்தத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டானா? ஆனாலும் உள்ளே ஓடினாள்.

வெளியே வந்தபோது வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

“பிள்ளை, உங்கடை அவரையும் வரச் சொல்லுங்கோ. கூச்சப்பட வேண்டாம். தனக்குக் குடல் வருத்தம், வழியிலை அவசரமா அந்தரப்பட்டால் உள்ளுக்கு விடவேணும், மனுசியும் கூட வருவா எண்டு சொன்னவர். பாவம்.”

கேதீஸ்வரி தெருவுக்கு வந்தாள்.

“பதினொரு வீட்டிலையும் உப்பிடியே சொன்னனீங்கள்?”

“ஓம். என்ரை உடம்பைப் பாத்து நம்பமாட்டினமோ எண்டுதான் பயந்தனான்.”

கடலில் வலை இழுத்து முறுக்கேறிய அந்தப் பெரிய உடம்பை அவள் அண்ணாந்து பார்த்தாள். கோயிலுக்குப் போகிறவர்கள் இருவரையும் விலத்திக்கொண்டு போனார்கள். அவள் பார்த்தபடியே நின்றாள்.