பன்னிரண்டாவது ஆள்

"அண்ணை, காத்து விழுந்திட்டுது. இப்பவாவது எடுங்கோவன்."

பிரியவதனி இதைச் சொல்வது நாலாம் தரம். படகோட்டி அன்ரனிதாஸ் நிமிரவில்லை. நெடுந்தீவு இறங்குதுறையில் படகின் இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காத்தை நம்பேலாது, பிள்ளை."

"கொடி கூட ஆடேல்லையே."

"கொடிக்கு என்ன தெரியும்?"

இந்த மனிதரோடு கதைத்து வெல்ல முடியாது. அவளுக்கோ நின்ற இடத்தில் கால் பாவவில்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியம்மா செத்த எட்டாம் நாள் சடங்குக்கென்று முந்தாநாள் நாரந்தனையில் இருந்து, சான்றிதழ்களையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தவள், தென்மேற்குச் சோளகக் காற்றில் வசமாக அகப்பட்டுப்போனாள். மற்றப் படகுகள் எல்லாம் எதிர்க்கரை குறிகட்டுவானில் போய் ஒதுங்கிவிட்டன. இந்தக் கரையில் மிச்சம் இந்த ஒன்றுதான். அதற்கும் இப்படி ஓர் ஓட்டியா வாய்க்க வேண்டும்?

"மூண்டு மணிக்குள்ள யாழ்ப்பாணத்தில நிக்கவேணும் அண்ணை. சேர்டிபிக்கற் எல்லாத்தோடையும் ஆள் நேர வந்து கையெழுத்து வைக்கவேணுமாம். போனில சொன்னால் சரிவராதாம்."

"என்ன படிப்பு?"

"பிசியோதெரபி. டிகிரி முடிச்ச ஆக்களுக்கான மேற்படிப்பு. நானூறு பேர் விண்ணப்பம் போட்டதில பன்னிரண்டு பேரைத்தான் எடுத்தவை."

"நீர் எத்தினையாவது?"

"பன்னிரண்டாவது."

அவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"போகாட்டில்?"

"போகாட்டில் என்ன, வெயிற்றிங் லிஸ்ற்றில முதல் நிக்கிற ஆளுக்குக் குடுத்திடுவினம்."

அன்ரனிதாஸ் துணியை உதறினார், மடித்தார், மறுபடியும் உதறினார். பிறகு பொலிஸ்காரர் மாதிரி விசாரிக்கத் தொடங்கினார்.

"பெரிய கெட்டிக்காரியோ நீர்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரில் எல்லாரும் கேட்டு முடித்த கேள்வி. கடலில் ஓடுகிறவரும் மிச்சம் வைக்காமல் கேட்கவேண்டுமா?

"இல்லை. சாதாரண பாஸ்தான். ஒரு பாடம் மூண்டாந்தரம் எழுதித்தான் சரிவந்தது."

"அப்ப, கெட்டிக்காரப் பிள்ளையள் வெளியில நிக்க உம்மை ஏன் எடுத்தவை?"

என்ன வாய் இது. திருப்பிக் கொடுக்க அவளுக்கும் வாய் இருந்தது, படகுதான் இல்லை. எரிச்சலை விழுங்கிக்கொண்டாள்.

"இன்ரவியூவிலயும் இதைத்தான் கேட்டவை. எங்களோட இருக்கிற பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திட்டுது. கிழமைக்கு ஒருக்காத்தான் கிளினிக். அங்க செய்யிறதைப் பாத்துவந்து மிச்ச ஆறு நாளும் நான் செய்விச்சனான். பதினாலு மாசம். நோவில ஏசுவார், அடிக்கக் கை ஓங்குவார். ஒருநாள் அந்த விழுந்த கையாலயே ஓங்கினார். அவரும் அழுதார், நானும் அழுதனான். அதைத்தான் சொன்னனான்."

"இப்ப?"

"தானே குசினிக்கு நடந்துபோய்த் தேத்தண்ணி போடுறார்."

அன்ரனிதாஸ் கடலைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, ஒருவருக்கும் அடிக்காமல் திரும்ப வைத்தார். நேரம் பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. மனிதர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று பிரியவதனிக்கு விளங்கியது. ஒற்றை ஆளுக்காகப் படகு எடுக்க மனமில்லை, வேறென்ன?

"ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ அண்ணை. இப்பிடி ஆளை வச்சு வதைக்காதேங்கோ." கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்துவிட்டது.

"சனியன் பிடிச்ச சீவியம்," என்று முணுமுணுத்தபடி அவர் இயந்திரத்தின் மூடியை அறைந்து சாத்தினார். "ஏறும்."

படகு கரை சேர ஒரு மணித்தியாலம் எடுத்தது. குறிகட்டுவானில் இறங்கி அவள் நன்றி சொன்னபோதும் அவர் முகம் கொடுக்கவில்லை.

"பஸ் வெளிக்கிடப்போகுது. ஓடும்."

இந்தப் புண்ணியத்தை இரண்டு மணித்தியாலம் முந்திச் செய்திருந்தால் என் உயிர் இந்தப் பாடு பட்டிருக்காதே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓடினாள். பஸ் கண்ட கண்ட இடமெல்லாம் நின்றது. மண்கும்பானில் ஒருவர் ஆறுதலாக மீன்கூடை ஏற்றினார். இறங்கி ஓட்டோ பிடித்து அலுவலகப் படியேறும்போது மூன்று மணிக்கு ஏழு நிமிடம்தான் இருந்தது.

எழுதுவினைஞர் சரோஜினிதேவி சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், கையெழுத்து வாங்கினார், பட்டியலில் கடைசிச் சரியைப் போட்டார். பிரியவதனிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சரோஜினிதேவி கண்ணாடிக்கு மேலால் காத்திருப்போர் இருக்கும் வாசல் வாங்கைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் மடியில் கோப்போடு இருந்தாள்.

"மேரிஜோசப்பின், பன்னிரண்டு பேரும் வந்திட்டினம். இனி இருந்து வேலையில்லை, பிள்ளை."

அந்தப் பெண் எழும்பிச் சுவரோரம் போய்ப் போனைக் காதில் வைத்தாள்.

"அப்பா, முடிஞ்சுது. ஒராள் குறைஞ்சால் எனக்குத்தான் எண்டு காலமையும் சொன்னனல்லே. எல்லாரும் வந்திட்டினம்... இல்லை, நான் அழேல்லை... ஓம், சாப்பிடுறன்."

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். பிரியவதனிக்குத் தன் சந்தோசத்தை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. பேசாமல் போகவும் மனம் வரவில்லை. கிட்டப் போனாள்.

"குறை நினையாதையும் தங்கச்சி. நான் வந்து சேர்ந்திருக்கவே மாட்டன். நெடுந்தீவில மாட்டுப்பட்டு, பன்னிரண்டு மணிக்குக் கிட்டத்தான் ஒரு படகு கிடைச்சது."

"நெடுந்தீவிலயோ?" மேரிஜோசப்பின் ஈரக் கண்ணோடு அவளையே பார்த்தாள். "இண்டைக்கு அங்க கரையில நிண்டது எங்கட அப்பான்ர படகு ஒண்டுதானே, அக்கா."