நத்தைக்கு எண்பது வயலின்

இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய மைத்துனர் உடனே உதட்டில் விரலை வைத்தார். "பேசாதீங்க. ஐயாவுக்கு வந்துட்டு இருக்கு."

நான் பேசவே இல்லை. வந்து முக்கால் மணி நேரமாகிறது, வணக்கத்தோடு சரி. அந்த அறையில் விருந்தாளிக்கான சோபா தரையோடு தரையாகக் கிடக்கும். அவருடைய நாற்காலி மட்டும் சின்ன மேடைமேல். சோபாவில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். அந்த நிலையில் யாருக்கும் கருத்து சொல்லத் தோன்றாது.

எதிரே திரையில் என் நத்தை உறைந்து நின்றது.

நாலு வருஷம் வரைந்த குழந்தைகள் படம். கீறல் விழுந்த தன் ஓட்டை மகனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அப்பா நத்தை மழையில் வெறும் உடம்போடு வாசலைத் தாண்டும் காட்சி. இந்த ஒரு இடத்துக்காகத்தான் படத்தையே எடுத்தேன். அதற்கு வேண்டியது ஒரே ஒரு மௌத் ஆர்கன். அதுவும் கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எண்பது வயலின்காரர்கள் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரிகைகளும் வந்து இறங்கியிருந்தன. என் நத்தை வாசலைத் தாண்டுவதற்குள் இவர்கள் போருக்குப் போய், ஜெயித்து, முடிசூட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார்கள்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். முன்பு ஒரு இயக்குநர், "ஐயா, இந்த இடத்துல சின்னதா ஒரு புல்லாங்குழல்..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை. இப்போது ஜன்னல் திரை விற்கிறார். வியாபாரம் பரவாயில்லை என்று கேள்வி.

ஆகவே நான் சொல்லவில்லை. எழுதினேன்.

தன்னைப் பற்றி எங்கே எது வந்தாலும் மைத்துனரை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பது ஐயாவின் வழக்கம். புகழ் தனக்குப் பிடிக்காது என்று அவர் அடிக்கடி பேட்டி கொடுப்பார். அந்தப் பேட்டியும் வாசிக்கப்படும். எனவே ஒரு சினிமா இணையதளத்தில், 'கடைசி வரிசைக்காரன்' என்ற பெயரில், 'நாங்கள் எதிர்பார்க்கும் இசை' என்று ஒரு கட்டுரை போட்டேன். முழுக்கப் புகழ்ச்சி. நடுவில், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி, ஒரு மௌத் ஆர்கன்.

"உங்க படத்தை நீங்களே எதிர்பார்க்கிறீங்களாக்கும்," என்றாள் மனைவி. பிழை திருத்திக் கொடுத்தவளும் அவள்தான்.

மைத்துனர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, 'கடைசி வரிசைக்காரன்'னு ஒருத்தன் எழுதியிருக்கான். 'இசைக்கடலே! போஸ்டரில் அந்த நத்தை ஓட்டின் இடது பக்கக் கீறலோடு மழையில் நிற்கிறதே, அதைப் பார்த்ததிலிருந்து எங்களுக்குத் தூக்கமில்லை. வயலின் பட்டாளத்தை எவனும் இறக்குவான். ஒற்றை மௌத் ஆர்கனை அழவைக்கும் துணிச்சல் உன் ஒருவனுக்கே உண்டு.'"

ஐயாவின் ஒரு கண் திறந்தது.

"திரும்பப் படி."

மூன்று முறை வாசித்தார். 'உன் ஒருவனுக்கே' வரும்போதெல்லாம் ஐயா சின்னதாகத் தலையசைத்தார். பிறகு அன்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா தம்பி? எவனோ கடைசி வரிசையில உட்கார்ந்து படம் பார்க்கிறவன். உங்க படம் உங்களைவிட அவனுக்குப் புரிஞ்சிருக்கு. நீங்க அவன்கிட்ட போய்க் கத்துக்கணும்."

"கத்துக்கிறேன் ஐயா," என்றேன். கொஞ்சம் நிஜமாகவே சுட்டது.

அவர் மைக்கின் பொத்தானை அழுத்தி, வயலின்காரர்களை டீ குடிக்கப் போகச் சொன்னார். பேரிகைகள் வந்த வழியே உருண்டு போயின. அந்தக் கூட்டத்திலேயே ஒரு பெரியவருடைய சட்டைப் பையில் மௌத் ஆர்கன் இருந்தது, பேரனுக்காக வாங்கியதாம். அவருக்குக் கொஞ்சம் ஆஸ்துமா வேறு.

நத்தை நகர்ந்தது. மழை பெய்தது. மௌத் ஆர்கன் மூச்சு வாங்கியது.

நாலு வருஷமாக என் தலைக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, வெளியே கேட்டது.

"பிரமாதம் மாமா," என்று மூக்கை உறிஞ்சினார் மைத்துனர். வேலை செய்யும் இடத்தில் 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்ற உத்தரவு அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இது எனக்குப் போன வருஷமே தோணினது," என்றார் ஐயா. "சரி, தம்பிக்கு ஒரு காபி கொண்டு வா."

மைத்துனர் வெளியே போனார். கதவு மூடும்வரை ஐயா காத்திருந்தார்.

"போஸ்டர்ல நத்தையோட வலது பக்கம்தானே தம்பி தெரியுது?"

எனக்கு முழங்காலும் மோவாயும் இடித்துக்கொண்டன.

"இடது பக்கம் கீறல் இருக்குன்னு அந்தக் கடைசி வரிசைக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஜன்னல் திரைக் கடையில் ஆள் தேவைப்படுமா என்று யோசித்தேன்.

அவர் நாற்காலியிலிருந்து குனிந்தார். மேடையிலிருந்து அவ்வளவு தூரம் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. குரலும் வேறாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி.

"கிளைமாக்ஸுக்கு அவன் என்ன எதிர்பார்க்கிறானாம்? கொஞ்சம் சீக்கிரம் எழுதச் சொல்லுங்க தம்பி. ரெண்டு மாசமா கண்ணை மூடிப் பார்க்கிறேன். ஒண்ணும் வர மாட்டேங்குது."

கதவு திறந்தது. ஐயா நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மைத்துனர் காபியை என்னிடம் நீட்டிவிட்டு, உதட்டில் விரலை வைத்தார். "பேசாதீங்க. ஐயாவுக்கு வந்துட்டு இருக்கு."

"வியாழக்கிழமைக்குள்ள வந்துடும்," என்றேன்.