வெர்னா வீட்டுத் திராட்சைச் சாறு

ஆர்லோ செய்த காரியத்தை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நவம்பர் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. கட்டைவிரல் உயரக் கோப்பையை வாயில் கவிழ்த்தவன், மறு நொடியே கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினான். பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

கர்த்தருடைய பாத்திரம்! அதைத் துப்புகிறவனை என்னவென்று சொல்வது?

எங்கள் சர்ச்சில் ஒயின் கிடையாது. பாட்டன் காலத்திலிருந்தே திராட்சைச் சாறுதான். ஈரி ஏரியை ஒட்டிய எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு திராட்சைப் பந்தல் இருந்தாலும், திருவிருந்துக்கு வெர்னா வீட்டுச் சாறுதான் வரும். முப்பது வருஷமாக அவளும் அவள் புருஷன் மெர்லும்தான் பறித்து, பிழிந்து, காய்ச்சி, பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிறார்கள்.

மெர்ல் ஜூலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த வருஷம் எழுபத்துநாலு வயசில் அவள் ஒண்டியாகவே எல்லாம் செய்தாள். அவளுக்கு முன்வரிசையில் உட்கார்ந்துதான் இந்த ஆர்லோ துப்பினான்.

ஆராதனை முடிந்து காபி குடிக்கக் கூடினோம். வெர்னா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு, லொரெட்டா?"

"சேச்சே! தேனாட்டம் இருந்துச்சு."

"பொய் சொல்றே. மெர்ல் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. அடுத்த மாசத்துலேருந்து கடையிலயே வாங்கிக்கங்க. நான் அந்தக் கொடியை வெட்டிடறேன்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் குடிச்சிட்டு ரோட்டுல கிடந்தவன்" என்றாள் கிளாடிஸ். அவளும் நானும்தான் திருவிருந்துக்கு எல்லாம் எடுத்து வைக்கிறவர்கள். "அவனுக்கு இப்ப ருசி கேக்குதாக்கும்!"

"இன்னிக்கு நான் கேக்கற கேள்வியில அவன் நாண்டுக்கணும்" என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆர்லோ வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அங்க வெர்னா அழுதுட்டிருக்கா. வந்து ஒரு மன்னிப்பு கேளு."

"வயித்துக் கோளாறுன்னு சொல்லிடுங்க, லொரெட்டா."

"பொய் சொல்ல நான்தான் உனக்குக் கிடைச்சேனா? உன்னை எல்லாரும் ஒதுக்கினப்போ, பக்கத்துல கூப்பிட்டு உக்கார வெச்சவடா அவ!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா துப்பினே? நன்றி கெட்டவனே!"

ரெண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்திருந்தான். அப்படியும் நடுக்கம் தெரிந்தது.

"அது சாறு இல்ல" என்றான் கடைசியில். "ஒயினாயிருந்துச்சு."

எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"காய்ச்சும்போது சூடு பத்தல. மெர்ல் பக்கத்துலயே நின்னு தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்து இறக்குவார். இவங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. சூடு பத்தலேன்னா பாட்டிலுக்குள்ளயே புளிச்சுத் தானா ஒயினாயிடும். பிளம், ஆப்பிள்னு தோட்டத்துல விழுந்ததையெல்லாம் ஊறப்போட்டுக் குடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

"ஒரு வாய்தானே, ஆர்லோ."

"ஒரு வாய்!" சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. "இந்த மாசக் கடைசியில தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு என் பொண்ணு வரா. நாலு வருஷத்துல முதல் தடவை. நான் ஒரு சொட்டுத் தொட்டது தெரிஞ்சாலும் அப்படியே திரும்பிடுவேன்னு சொல்லியிருக்கா. காலையிலேருந்து உடம்பு பூரா இன்னொண்ணு குடு, இன்னொண்ணு குடுன்னு கேக்குது. கடை பக்கம் கால் போயிடுமோன்னு பயந்து இங்கயே உக்காந்திருக்கேன்."

"இதை அப்பவே வெர்னாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"புருஷன் செத்து நாலு மாசம். திருந்தி வந்த குடிகாரனுக்குத் தன் கையாலயே ஒயினைக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா, அந்த மனுஷி தாங்குவாங்களா? நான் திமிர் பிடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன். வயித்துக் கோளாறுன்னே சொல்லுங்க. மிச்சப் பாட்டிலை மட்டும் அவங்களுக்குத் தெரியாமக் கொட்டிடுங்க."

"சரி. அடுத்த ஞாயிறு வந்துடு."

"இல்ல, இனிமே வரல."

"ஏண்டா?"

"இந்த ஊர்ல எதைக் குடுத்தாலும் முகர்ந்து பாத்துட்டுத்தான் வாயில வெப்பேன். சர்ச்சுல மட்டும்தான் கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறப்பேன். இனிமே அங்கயும் முடியாது."

கிளம்பலாமென்று எழுந்தேன். வாசல்வரை பின்னாலேயே வந்தான்.

"ஏன் லொரெட்டா, உங்க யாருக்குமே வித்தியாசம் தெரியலையா?"

"தெரியலையேப்பா" என்றேன்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகக் கை வரவில்லை.

காலையில் சர்ச் சமையலறையில் அந்தப் பாட்டிலைத் திறந்தவளே நான்தான். மூடி 'புஸ்'ஸென்று சீறியது. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கிளாடிஸிடம் நீட்டினேன். "பாவம் வெர்னா, சொன்னா மனசு நொந்துடுவா" என்றாள் அவள். அப்புறம் ரெண்டு பேரும் கமுக்கமாகச் சிரித்துக்கொண்டே ஆளுக்கு இன்னொரு மடக்கு குடித்துவிட்டு, ஆர்லோ என்று ஒருத்தன் இருப்பதே நினைப்பில் இல்லாமல், எல்லாக் கோப்பையையும் நிரப்பினோம்.