கழுத்து மட்டம்

"யாரைக் கேட்டு எங்க வீட்டுக் கொல்லையில டேப் புடிக்கிறீங்க?"

ஆனி ரோஸ் போட்ட சத்தத்தில், முருங்கை மரத்தடியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்து நின்றுவிட்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவளுடைய அப்பா சவரிமுத்து. திருமானூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் வந்தவர், மகளிடம் ஒரு வாய் காபிகூடக் கேட்காமல் நேரே கொல்லைக்குப் போயிருந்தார்.

"நான்தான் வரச் சொன்னேன். இவரு பிரேம். நீச்சல் தொட்டி போட்டுத் தர்ற கம்பெனி."

"நீச்சல் தொட்டியா?"

இடுப்பிலிருந்த மூன்று வயது மகள் சோபியாவை அவள் இறுக்கிக்கொண்டாள். குளியலறை பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் மிச்சமிருந்தாலும் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு பூட்டு. சாவி தலையணைக்கு அடியில்.

"மாப்பிள்ளைகிட்ட போன்ல கேட்டாச்சு. குவைத்துலேருந்து சரின்னுட்டாரு."

"என்னைக் கேட்டீங்களா?"

சவரிமுத்து பிரேம் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி."

பிரேம் பையிலிருந்து, தொட்டிச் சுவருக்கான இரண்டு மாதிரித் துண்டுகளை எடுத்துத் துவைக்கிற கல்லில் வைத்தார். "இது வெறும் தகடுங்க ஐயா. ரேட்டு கம்மி. ஆனா நம்மூரு வெயிலுக்கு மத்தியானம் முட்டை வேகும். இது நடுவுல நுரை வச்ச பேனல், ஐஸ் பெட்டி மாதிரி. சித்திரையில கொதிக்காது, மார்கழியில வெடவெடங்காது. பள்ளம் தோண்ட வேணாம், கொத்தனார் வேணாம். பதினஞ்சே நாள்ல தொட்டி நிக்கும்."

"நுரை வச்சதே இருக்கட்டும்."

"ஒண்ணரை மடங்கு ஆகுங்க."

"ஆகட்டும். முப்பத்திரண்டு வருசம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே சம்பாதிச்ச காசு. இப்ப பேங்க்ல சும்மா படுத்துக் கெடக்கு."

பிரேம் சிரித்தார். ஆனி ரோஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே கண்டக்டர் சவரிமுத்துதானே அன்றைக்குத் தடுத்தவர்!

சின்ன வயதில், கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டால் அவளை வீட்டில் பிடிக்க முடியாது. பாலத்துக்குக் கீழே அண்ணன்மாரோடு பந்தயம். அக்கரை மணலில் முதல் கால் எப்போதும் அவளுடையதுதான். திங்கட்கிழமை காலையில் பின்னலை மோந்து பார்த்து, "ஆத்தையே தலையில கட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்று பள்ளிக்கூடத்து சிஸ்டர் அதட்டுவார். அந்த சிஸ்டர்தான் மாவட்ட நீச்சல் போட்டிக்கு அவள் பேரைக் கொடுத்தார். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும்.

படிவத்தை நாலாக மடித்து டிக்கெட் பைக்குள் போட்டார் அப்பா. "வயசுக்கு வந்த புள்ள, நனைஞ்ச துணியோட ஊருக்கு முன்னால நிக்கிறதா?"

அதோடு ஆறும் போயிற்று. பதின்மூன்று வயது அவளுக்கு. இன்றைக்கும் சில நாள் தூக்கத்தில் உள்ளங்காலுக்கடியில் அந்த மணல் மெல்ல நழுவும்.

"பாப்பாவுக்குன்னா ரெண்டடி ஆழம் போதுங்க" என்றார் பிரேம். "ரேட்டு பாதியா குறைஞ்சுடும். பயமும் இல்ல."

"வேணாம் தம்பி. கழுத்து மட்டத்துக்கு நிக்கணும்."

ஆனி ரோஸ் வெடித்துவிட்டாள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சாப்பா? மூணு வயசுப் புள்ளைக்குக் கழுத்து மட்டமா? நான் அடுப்படியில திரும்புற நேரத்துல இவ இங்க ஓடி வந்தா..." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு ஒத்தக் கையெழுத்துப் போட மனசு வரல. பேத்தின்னதும் லட்சக்கணக்குல தொட்டி! அன்னைக்கும் என்னைக் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

சவரிமுத்து கையிலிருந்த டேப்பைச் சுருட்டினார். பிரேமிடம் மட்டும், "சுத்தி ஆறடி வேலி போட்டுருங்க. கதவுப் பூட்டு உச்சியில இருக்கணும். இந்தக் குட்டி நாற்காலி போட்டு ஏறினாலும் கை எட்டக் கூடாது" என்றார்.

பிரேம் எழுதுவதை நிறுத்தினார். "அப்புறம் பாப்பா எப்படிங்க ஐயா உள்ள எறங்கும்?"

"அது ஏன் எறங்குது?"

"கழுத்து மட்டம்னா... யாரு கழுத்துக்குங்க?"

சவரிமுத்து மெதுவாகத் திரும்பினார். அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று ஆளைப் பார்த்தே கணக்குப் போட்டுப் பழகிய கண். ஆனி ரோஸைக் காலிலிருந்து தலைவரை ஒரு தடவை பார்த்தார்.

"அஞ்சடி மூணு. கழுத்துக்கு நாலேகால் அடி வரும். எழுதிக்குங்க."

ஆனி ரோஸ் சோபியாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"பாலத்து மேல பஸ்ஸு போறப்ப, கீழ ஒன் தல தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போறது தெரியும்" என்றார் அவளிடம். "டிக்கெட் போடாம நின்னு பாப்பேன். அவ்வளவு பெருமையா இருக்கும். ஊரு வாய்க்குப் பயந்துட்டேம்மா."

பிறகு பிரேம் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பேத்திக்கு இன்னும் வயசு கெடக்கு தம்பி. எம் மவளுக்குத்தான் நான் இருபது வருசம் லேட் பண்ணிட்டேன்."